சாயம் ஏறாத நீலம்

நூல், சாயம், சைட் கல் என்று வளர்ந்த ஊரில், காட்டு வம்சத்துப் பறவை ஒன்று தங்க இடம் தேடுகிறது

ஆனி மாதக் கடைசி வாரம், காலை ஆறே கால் மணி. திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் நால்ரோட்டில் கம்பெனி வேன்கள் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கின்றன. டிபன் பாக்ஸை மடியில் வைத்தபடி ஜன்னலோரப் பெண்கள் இன்னொரு ஐந்து நிமிடத் தூக்கத்துக்கு முயற்சி செய்கிறார்கள். அங்கிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தரிசு நிலம். நாலு பக்கமும் வெள்ளை அடித்த சைட் கற்கள், நடுவில் தண்ணீர் வற்றிய பழைய கிணறு. கிணற்றுக்கு மேலே போகும் மின்கம்பியில் அது உட்கார்ந்திருக்கிறது. சாக்லேட் நிறத் தலை, சட்டைப் பித்தான் போட மறந்த மாதிரி வெள்ளை நெஞ்சு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய சிவப்பு அலகு. முதுகு மட்டும் நீலம்.

கிணற்றுமேட்டுப் புல்லில் ஒரு அரணை நகர்ந்தது. கம்பியிலிருந்து சரிந்து இறங்கிக் கவ்விக்கொண்டு, போன வேகத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தது. இடமும் வலமுமாக ஆறேழு அடி, துவைக்கிற கல்லில் ஈரத்துணியை அடிப்பதுபோல. அரணை துவண்டது. ஆனால் விழுங்கவில்லை. அரணையின் தலை வெளிப்பக்கம் வரும்படி அலகில் திருப்பிப் பிடித்துக்கொண்டு, நேராகக் கிணற்றுக்குள் இறங்கி மறைந்தது. தனக்கென்றால் தலையை உள்பக்கமாக வைத்துக்கொள்ளும். பிள்ளைக்கு ஊட்டுவதற்காகத்தான் மீன்கொத்தி இப்படிப் பிடிக்கும். கிணற்றுச் சுவரில் குஞ்சுகள் இருக்கின்றன.

திரும்பும் வழியில் டீக்கடையில் இதைச் சொன்னேன். வடை போட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: “ஏனுங்ணா, மீனே இல்லாத ஊருல மீன்கொத்திக்கு என்னங்ணா வேலை?”

இந்தக் கட்டுரை அவர் கேள்விக்குச் சொல்லும் பதில்தான். கொஞ்சம் நீளமான பதில்.

பெயர்தான் மீன்கொத்தி

மீன்கொத்தி என்றதும் ஆற்றங்கரையும் ‘தொபுக்’ என்று தண்ணீரில் பாயும் குருவியும்தான் மனதில் வரும். (இன்னொரு கிங்பிஷரும் சிலருக்கு ஞாபகம் வரலாம், அது வேறு துறை.) உலகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மீன்கொத்தி இனங்கள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை வாழ்வது வெப்பமண்டல நாடுகளில், அதிலும் ஏராளமானவை காடுகளில். மீனையே நம்பிப் பிழைப்பவை குறைவு. பூச்சி, பல்லி, தவளை, நண்டு, சுண்டெலி என்று மரக்கிளையிலிருந்து தரையைப் பார்த்து வேட்டையாடுகிறவைதான் இந்தக் குடும்பத்தின் பெரிய கிளை. ஆஸ்திரேலியாவில் வாய்விட்டுச் சிரிக்கும் குக்குபுர்ராவும் இந்தக் கிளைதான். நம் கிணற்றுக்காரரும் அதே வம்சம். பறவை ஆர்வலர்கள் வெண்தொண்டை மீன்கொத்தி என்றும் வெண்மார்பு மீன்கொத்தி என்றும் சொல்லும் பறவை இது. மேற்கு வங்காளத்தின் மாநிலப் பறவையும்கூட.

காட்டிலேயே தங்கிவிட்ட உறவினர்களைப் பார்த்தால்தான் இது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று புரியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழல் மூடிய ஓடைகளில் மூன்று விரல் குட்டி மீன்கொத்தி ஒன்று இருக்கிறது. மொத்த நீளமே 13 சென்டிமீட்டர். மஞ்சள் வயிறு, ஊதா கலந்த ஆரஞ்சுத் தலை, கருநீல முதுகும் சிறகும். பெரும்பாலான மீன்கொத்திகளுக்கு நாலு விரல், இதற்கு மூன்றுதான். தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் ஓடைக்கரை மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். மகாராஷ்டிரத்தின் கர்நாலா பறவைகள் சரணாலயத்துக்கு மழைக்காலத்தில் கேமராக்காரர்கள் படையெடுப்பது இதற்காகத்தான். இதற்கு வேண்டியவை நிழல், ஈரம், ஓடை, மண்கரை. இந்த நாலில் ஒன்று போனாலும் இது இருக்காது. தென்கிழக்கு ஆசியாவில் இதே இனம் இரவில் வலசை போகும். அப்படிப் போகையில் சிங்கப்பூரின் கண்ணாடிக் கட்டடங்களில் மோதி விழுவதும் நடக்கிறது. காட்டு ஓடையைத் தவிர வேறு உலகம் தெரியாத பறவைக்குக் கண்ணாடி என்றால் என்னவென்று யார் சொல்லித் தருவது?

நம் பறவை அந்தப் பிடிவாதத்தை விட்டுவிட்டது. மரக்கிளை இல்லையென்றால் மின்கம்பி, ஓடை இல்லையென்றால் சோளக்காடு, மீன் இல்லையென்றால் அரணை. நாலில் மூன்றை விட்டுக்கொடுத்துவிட்டது. நாலாவதை மட்டும் விடவில்லை, அல்லது விட முடியவில்லை. கிணற்றுக்குள் அது இறங்கியது அதற்காகத்தான்.

▣ பெட்டிச் செய்தி: நாலு மீன்கொத்திகள்

வெண்தொண்டை மீன்கொத்தி: சுமார் 28 செ.மீ. வயல், தோப்பு, மின்கம்பி, ஊர் நடுவே எங்கும். தண்ணீர் கட்டாயமில்லை. விடியற்காலையில் உயரமான இடத்தில் உட்கார்ந்து நடுங்கும் குரலில் நீளமாகக் கத்தும்.

சிறு நீல மீன்கொத்தி: சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிது. சிரல், சிச்சிலி என்ற பழந்தமிழ்ப் பெயர்கள் மீன்கொத்திக்கு உரியவை. சின்ன மீன் உள்ள வாய்க்கால், குளத்தோரம்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி: நீலமே கிடையாது. தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, செங்குத்தாக விழும். ஏறக்குறைய முழுக்க மீன்தான் சாப்பாடு.

பெரிய அலகு மீன்கொத்தி: சுமார் 35 செ.மீ. இந்திய மீன்கொத்திகளில் பெரியவற்றில் ஒன்று. மரம் சூழ்ந்த ஆறு, ஓடை. நிழல் போனால் இதுவும் போய்விடும்.

(இந்தியாவில் மொத்தம் 12 இனங்கள்.)

டர்காய்ஸ் என்கிற தலைவலி

சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவர்களிடம் ‘டர்காய்ஸ் ஷேடு’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பெருமூச்சு வரும். மயில்கழுத்துக்கும் வானத்துக்கும் நடுவில் உள்ள அந்த நீலம் பருத்தியில் லேசில் ஏறாது. சாய மூலக்கூறு பெரிது, உள்ளே செம்பு வேறு. மற்ற ரியாக்டிவ் சாயங்களுக்கு 60 டிகிரி போதும் என்றால் இதற்கு 80 வேண்டும். உப்பைக் கொட்ட வேண்டும், சோடாவைப் போட வேண்டும். அப்படியும் ஒரு பங்கு துணியில் பிடிக்காமல் தண்ணீரோடு போய்விடும். ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் ஷேடு மாறினால் பையர் திருப்பி அனுப்புவார்.

மீன்கொத்தியின் முதுகில் இருப்பது ஏறக்குறைய அதே நிறம். அங்கே நீலச் சாயம் ஒரு துளிகூட இல்லை. இறகு இழையின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகளோடு பஞ்சு போன்ற ஒரு அமைப்பு இருக்கிறது. வெளிச்சம் அதில் பட்டால் நீலத்தை மட்டும் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும், மற்றதை விட்டுவிடும். உதிர்ந்த நீல இறகு ஒன்று கிடைத்தால் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள், நீலம் காணாமல் போய்ப் பழுப்பாகத் தெரியும். அரைத்துப் பொடியாக்கினால் மண் நிறத் தூள்தான் மிஞ்சும். தலையில் உள்ள சாக்லேட் மட்டும் உண்மையான நிறமி. நீலம் முழுக்க வெளிச்சத்தின் வேலை.

அதனால் வெளுக்காது. இது சீனர்களுக்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. மீன்கொத்தி இறகை மயிரிழை மயிரிழையாக வெட்டி, தங்கத் தகட்டில் ஒட்டி, ராணிகளின் கொண்டை நகைகள் செய்தார்கள். கம்போடியக் காடுகளிலிருந்து மீன்கொத்தி இறகு வந்ததை, 1296-இல் அங்கே போன சீனத் தூதுக்குழுவைச் சேர்ந்த சோ தாகுவான் எழுதிவைத்திருக்கிறார். இந்தியாவிலிருந்தும் இறகு ஏற்றுமதியானது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிக்காகவும் இதைச் சுட்டார்கள். அந்தப் பழைய நகைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் நீலமாகவே இருக்கின்றன. ஆறு மாதம் துவைத்தால் நம் டி-ஷர்ட் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

இறகுக்காகச் சுட்ட காலம் போய்விட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதே குற்றம். நிறத்தால் வந்த ஆபத்து அதோடு தீர்ந்தது, இந்தப் பறவையின் நிறத்தால் வந்த ஆபத்து மட்டும். நம் நிறத்தால் வந்தது தீர இன்னும் நாளானது.

ஆற்றில் ஓடிய ஷேடு கார்டு

நொய்யலின் கதையைத் திருப்பூர் வாசகருக்கு முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் ஆறு, கோவையைத் தாண்டித் திருப்பூருக்குள் நுழைந்ததும், அன்று எந்தக் கலர் ஆர்டரோ அந்தக் கலரில் ஓடியது. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவுத் தொட்டியானது. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கிற நிலை வந்தது. உலகத்தில் வேறெங்காவது இப்படி ஒரு கோரிக்கை வந்திருக்குமா என்று தெரியவில்லை. நிறம்கூடப் பெரிய பிரச்சினையில்லை, நிறம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் போனது உப்பு. சாயம் ஏறுவதற்காகக் கொட்டிய உப்பு நிலத்தடிக்கு இறங்கி, கிணற்றுத் தண்ணீரைத் தென்னைக்கும் ஆகாததாக்கியது.

2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூட உத்தரவிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகாத முறைக்கு மாறிய பிறகுதான் திறக்கலாம் என்றது. ஊரே ஸ்தம்பித்தது. வேலை போனவர்களின் கஷ்டத்தைச் சொல்ல இந்தக் கட்டுரை போதாது. ஆனால் அந்த உத்தரவுக்குப் பின்னால்தான் திருப்பூர், கழிவுநீரைச் சுத்திகரித்து அதே தண்ணீரையும் உப்பையும் மறுபடி எடுத்துப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. இன்று வெளிநாட்டு பையர்களிடம் நம் ஏற்றுமதியாளர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் அதைத்தான்.

அந்த மோசமான வருடங்களில் எந்த மீன்கொத்தி தாக்குப்பிடித்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. மீனை மட்டும் நம்பும் கருப்பு வெள்ளைக்கு, மீன் செத்த தண்ணீரில் வேலை இல்லை. அரணையும் வெட்டுக்கிளியும் தின்னத் தெரிந்த வெண்தொண்டைக்கு ஆறு நிறம் மாறியது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே ஊருக்குள் ஒரு மீன்கொத்தி கத்துகிறது என்றால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று யாராவது மேடையில் பேசினால் நம்பாதீர்கள். எந்த மீன்கொத்தி என்று கேளுங்கள்.

கருப்பு வெள்ளையைப் பார்க்க வேண்டுமானால் பெருமாநல்லூரிலிருந்து பைக்கில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஊத்துக்குளி சாலையில், சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டிய நஞ்சராயன் குளம். நல்லாறு கொண்டுவரும் மழைநீரில் நிறையும் குளம் அது. மழைநீரோடு ஊர்க் கழிவும் வருவதால் ஜிலேபி மீனுக்குக் கொண்டாட்டம். எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும் மீன் அது. குளத்தின் மேல் கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் நின்று சிறகடிப்பதை, கரையில் வண்டியை நிறுத்திய ஒரு அப்பாவும் மகளும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஹெலிகாப்டருப்பா” என்றது குழந்தை. இதைவிட நல்ல வர்ணனையை எந்தப் பறவைக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

▣ பெட்டிச் செய்தி: நஞ்சராயன் குளம்

பரப்பு: 125.865 ஹெக்டேர்.
பெயர்: பல நூற்றாண்டுகளுக்கு முன் குளத்தைச் செப்பனிட்டதாகச் சொல்லப்படும் நஞ்சராயன் என்ற அரசரின் பெயர்.
2022: தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயம்.
2024 ஆகஸ்ட் 14: ராம்சார் ஈரநிலமாக அறிவிப்பு. கழுவேலி, மத்தியப் பிரதேசத்தின் தவா நீர்த்தேக்கம் ஆகியவற்றோடு சேர்த்து அன்று இந்தியாவின் எண்ணிக்கை 85 ஆனது.
பதிவான உயிர்கள்: பறவைகள் 191, வண்ணத்துப்பூச்சிகள் 87, ஊர்வன 21, நீர்நில வாழ்வன 7, சிறு பாலூட்டிகள் 11, தாவரங்கள் 77 வகை.

ஒரு முழம் மண்

இனி அந்த நாலாவது விஷயம்.

நம் வெண்தொண்டை மீன்கொத்தி மரத்தில் கூடு கட்டாது. செங்குத்தான மண்சுவர் வேண்டும். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பறந்துவந்து அலகாலேயே சுவரில் மோதும். கால் ஊன்ற ஒரு சின்னப் பள்ளம் விழும்வரை இந்த மோதல் நடக்கும். அப்புறம் உட்கார்ந்து அலகால் குத்தி, ஒட்டிய விரல்களால் மண்ணைப் பின்னால் தள்ளி, ஒரு முழம், சில சமயம் இரண்டு முழ நீளத்துக்கு வளை தோண்டும். கடைசியில் ஒரு சின்ன அறை. மெத்தை கித்தை எதுவும் கிடையாது. வெறும் மண்ணில் 4 முதல் 7 உருண்டை வெள்ளை முட்டைகள். அடைகாக்க 20 முதல் 22 நாள், குஞ்சு பறக்க இன்னொரு 19, 20 நாள். கல்லைத் தோண்ட முடியாது. சிமென்டைத் தோண்டவே முடியாது. மணல் என்றால் சரிந்துவிடும். நல்ல கெட்டி மண் வேண்டும், கீரியும் பாம்பும் ஏற முடியாத செங்குத்தும் வேண்டும்.

ஆற்றங்கரை போன பிறகு கொங்கு நாட்டில் அந்தச் சுவர் எங்கே இருந்தது? தோட்டத்துக் கிணறுகளில்.

இந்த ஊர்க் கிணறுகளைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே செம்மண், அதற்குக் கீழே ஓடைக்கல், அதற்கும் கீழே கரும்பாறை. வெடி வைத்துத் தகர்த்து, தலைமுறை தலைமுறையாக ஆழப்படுத்திய கிணறுகள். பருத்தி விளைந்தது இந்தத் தண்ணீரில். அந்தப் பருத்தியை ஒட்டித்தான் பின்னாளில் பனியன் வந்தது. கமலை போய் மோட்டார் வந்ததும் கிணறு மின்சாரத்தை நம்பியது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் விவசாயிகள் போராடியபோது, ஜூன் 19 அன்று இதே பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 3 பேர் செத்தார்கள். யூனிட்டுக்கு ஒரு பைசா என்பதுதான் அன்றைய சண்டை. அவர்கள் நினைவாக ஸ்தூபி இருக்கிறது. கிணற்றுத் தண்ணீருக்காக உயிரைக் கொடுத்த ஊர் இது என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சு இல்லை.

ஆயிரம் அடி போர் வந்தபின் கிணறு வற்றியது. வற்றிய கிணற்றின் மேல்பகுதிச் செம்மண் சுவர் மீன்கொத்திக்கு வசதியானது. ஆள் நடமாட்டம் இல்லை, ஏறிவரப் பாம்புக்கும் சிரமம். யாரும் திட்டமிடாமல் கிடைத்த வாடகை வீடு. இப்போது நிலத்தின் விலை சென்ட் கணக்கில் பேசப்படுகிறது. தோட்டம் லேஅவுட் ஆகும்போது முதலில் மறைவது கிணறுதான். கட்டட இடிபாடு, கட்டிங் வேஸ்ட் துணி, டிப்பர் லாரி மண் என்று எது கிடைக்கிறதோ அதைக் கொட்டி மூடி, மேலே ஒரு சைட் போட்டுவிடுகிறார்கள். குழந்தைகள் விழுந்துவிடும் என்ற பயமும் நியாயமானதுதான். பாழ்கிணற்றை அப்படியே வை என்று நான் எப்படிச் சொல்வது?

ஆனால் குளங்கள் இருக்கின்றனவே. 2024 ஆகஸ்ட் 14-இல் நஞ்சராயன் குளத்துக்கு ராம்சார் அறிவிப்பு. சரியாக மூன்றே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, அறுபது வருடத்துக்கும் மேலாகக் கேட்ட அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கியது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றிலிருந்து 1.5 டி.எம்.சி. உபரி நீரை மேட்டுக்கு ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளில் நிரப்பும் திட்டம். செலவு 1,916 கோடி ரூபாய். காய்ந்த குட்டைகளில் குழாய்த் தண்ணீர் விழுந்த முதல் நாட்களில், அவிநாசி, ஊத்துக்குளிப் பக்கத்துப் பெரியவர்கள் அதில் பூத் தூவினார்கள். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

தண்ணீர் வந்ததும் கரைக்கு மரியாதை வருகிறது. கரையைப் பலப்படுத்து, கல் பதி, கான்கிரீட் போடு, நடைபாதை விடு, விளக்கு நடு. ஊருக்கு ஊர் இதே கதைதான். மீன் வரும், மீன் வந்தால் சிரலும் கருப்பு வெள்ளையும் வரும், வந்து தின்றுவிட்டுப் போகும். தங்குவதற்கு ஒரு முழம் பச்சைமண் எங்கே? நூறு விருந்துக்கு இலை போட்டுவிட்டு, விருந்தாளி படுக்கத் திண்ணையை இடித்த வீடு மாதிரி.

இதற்குத் தீர்வு கோடிகளில் இல்லை. குளத்தின் ஒரு மூலையில், வெள்ளம் மோதாத பக்கமாகப் பார்த்து, பத்தடி நீளக் கரையைக் கல் பதிக்காமல் செங்குத்தாக வெட்டி விட்டால் போதும். ஒன்றரை ஆள் உயரம் இருந்தால் உத்தமம். ஐரோப்பாவில் சில இடங்களில் மீன்கொத்திக்கென்றே செயற்கைச் சுவர் கட்டி, குழாய் மாதிரி வளை வைத்துக் கொடுக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேலைகூட இல்லை, செம்மண் நம்மிடமே இருக்கிறது. குளம் தூர்வாரும்போது ஜே.சி.பி. ஓட்டுகிறவரிடம் சொன்னால் அரை மணி நேர வேலை. எஸ்டிமேட்டில் எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெண்தொண்டை மீன்கொத்தி அழிவின் விளிம்பில் இல்லை. நாடு முழுக்க இருக்கிறது. அழியாத பறவைக்கு அட்டைப்படக் கட்டுரையா என்று ஆசிரியர் குழுவிலேயே கேட்டார்கள். அழிந்துகொண்டிருக்கும் பறவை காட்டில் எங்கோ இருக்கும், அதற்கு வனத்துறை இருக்கிறது. காட்டை விட்டு, ஓடையை விட்டு, மீனையே விட்டு நம்மோடு வாழ ஒத்துக்கொண்ட பறவைக்கும் இடம் இல்லாமல் போகிறது என்றால், அதைக் கவனிக்க எந்தத் துறையும் கிடையாது.

ஆடி வரட்டும்

கிணற்று நிலத்துக்காரரை இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். அவருக்கும் அந்தப் பறவையைத் தெரிந்திருந்தது. அவருடைய அம்மா இருந்த காலத்திலிருந்தே அந்தப் பக்கம் ஒன்று கத்திக்கொண்டிருக்கும் என்றார். கிணற்றை எப்போது மூடுகிறீர்கள் என்று கேட்டேன். டிப்பருக்குச் சொல்லியாகிவிட்டது, பதினைந்து லோடு ஆகும் என்று கணக்குச் சொன்னார்.

“எப்பங்க?”

“நாளான்னைக்கு ஆடி பொறக்குதுங்க. ஆடியில மண்ணைத் தொட வேண்டாம்னு வீட்டுல சொல்லிப்போட்டாங்க. ஆவணி மொத முகூர்த்தத்துக்குத்தானுங்க.”

மனக்கணக்குப் போட்டேன். அரணையைத் தலை வெளியே வைத்துக் கொண்டுபோனது, குஞ்சு பொரித்ததற்கு அடையாளம். முட்டை உடைந்தது அன்றைக்கேதான் என்று வைத்துக்கொண்டாலும் பறக்க அதிகம் போனால் 20 நாள். ஆடிக்கு 31 நாள்.

“அதுக்குள்ள பறந்துருமுங்களா?” என்று அவரே கேட்டார்.

பறந்துவிடும் என்றேன். கிணற்றை எட்டிப் பார்த்தோம். செம்மண் சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை, அதன் கீழே சுண்ணாம்பு வழிந்த மாதிரி வெள்ளைக் கோடு. உள்ளே இருந்து கிறீச் கிறீச் என்று சத்தம். பெரிய பறவை கம்பியிலிருந்து எங்களை ஒரு முறை திட்டிவிட்டு, கம்பெனி கூரைக்கு மேலே நீலமாக வளைந்து போனது.